பதினைந்து ஆட்டமும் நின்றவள்

ஜூன் 7, சனி

தோற்றுவிட்டோம். 32–33.

இந்த டைரி கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக டிவி ஸ்டாண்டுக்கு அடியில் சும்மா கிடந்தது. எங்காவது கொட்டாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும் என்று இன்று எடுத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி ஹெலனும்தான். மகள் ஷெரின் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஹெலனிடம் கொட்டலாம்; ஆனால் கொட்ட வேண்டியதே ஹெலனைப் பற்றித்தான்.

டைரி வேறு யார் கையிலாவது சிக்கினால் தெரியட்டும்: என் பெயர் கோயில்பிள்ளை. வயது ஐம்பத்தேழு. துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஆபீசில் சீனியர் கிளார்க். தூத்துக்குடி டால்ஃபின்ஸ் கபடி அணி ரசிகர் மன்றத்தின் துணைத் தலைவர். மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர், அதில் ஒன்பது பேருக்குப் பதவி உண்டு.

சீசனின் முதல் ஆட்டத்தன்று நான் சோபாவின் இடது மூலையில் நீலக் கட்டம் போட்ட சாரம், அதாவது லுங்கி, கட்டி உட்கார்ந்திருந்தேன். ஹெலன் ஸ்கோர் கேட்க வந்தவள், கரண்டியும் கையுமாக அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினெட்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதன் பிறகு எதையும் மாற்றவில்லை. அதே மூலை, அதே சாரம், அதே வாசலில் ஹெலன். லீக்கில் பதினாலு ஆட்டம், இன்றைய அரையிறுதியோடு பதினைந்து. நடுவில் நான்கு தோற்றோமே என்று கேட்கலாம். அந்த நான்கிலும் அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள். நான் கவனித்திருக்கிறேன்.

இன்று சேலத்தோடு. 32–32. கடைசி ரெய்டு, நம் இசக்கி பாடிப் போகிறான். யாரையும் தொடாமல் சும்மா திரும்பி வந்தால்கூடப் போதும், கூடுதல் நேரம் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே ஹெலனின் போன் அடித்தது. அவள் வாசலை விட்டு நகர்ந்தாள். இசக்கி போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான். கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஹெலன் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எதிர் டீமுக்குக்கூட அவ்வளவு சிரிப்பு இருந்திருக்காது. “ஏங்க, ஒரு விசயம்” என்றாள். “இப்ப எதையும் சொல்லாத ஹெலன்” என்றேன். சாப்பாடு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பிறகு அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று நான்கு தோசை சாப்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். சபைப் போதகர் ஐயர் இன்று பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவருக்கும் கபடி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டியில் வரும்போது ஹெலன் பின்னாலிருந்து, “நேத்து சொல்ல வந்தேன்ல, அந்த விசயம்...” என்று ஆரம்பித்தாள். வண்டி ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதே என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். தலை வலிக்கிறது என்றேன். தலை உண்மையாகவே வலித்தது.

சாயங்காலம் ரோச்சின் டீக்கடையில் மன்றத்தின் அவசரக் கூட்டம். மன்றத் தலைவர் ரோச்தான், கடை அவனுடையது என்பதால். யாரும் கேட்காமலே ஒவ்வொருவரும் எழுந்து பாவ அறிக்கை செய்தார்கள். ரோச் அன்று பனியனை மாற்றிப் போட்டானாம். பொருளாளர் முகச்சவரம் செய்துகொண்டாராம். இன்னொருவர் இடைவேளையில் மாம்பழம் சாப்பிட்டாராம். எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். இசக்கி தவறு செய்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க பக்கம் எதுவும் மாத்தலயே?” என்று ரோச் கேட்டான்.

“நான் எம்புட்டுக் கவனமா இருப்பேன்னு ஒனக்குத் தெரியாதால?” என்றேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. குடும்ப மானம்.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸ். ஒரு கண்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டுக் காட்டினார். கடைசி நான்கு இலக்கம் 3233 என்று இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

நான் பேசாமல் இருக்கிறேன் என்று ஹெலன் ஷெரினிடம் சொல்லியிருக்கிறாள் போல. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உப்பு வேண்டுமா என்றால் வேண்டும் என்கிறேன்.

ஹெலன் இன்று சாளை மீன் கழுவிக்கொண்டே, “ஏங்க, நான் ஒரு முடிவு எடுக்கணும். சனிக்கிழமக்குள்ள. ஒங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு பாக்கேன்” என்றாள்.

டிவியில் அப்போதுதான் அரையிறுதியின் தொகுப்பைப் போட்டார்கள். நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்து, “ஒன் இஷ்டம்போலச் செய். இந்த வீட்டுல எங்கிட்ட கேட்டுட்டா எல்லாரும் நகருதாங்க?” என்றேன்.

நன்றாகக் குத்தியது என்று நினைக்கிறேன். அவள் கடைசி மீனையும் கழுவி முடித்தாள். பிறகு, “சரி” என்றாள். மீன் வறுவல் நன்றாக இருந்தது. எப்போதும் அவள் தட்டிலிருந்து முள் எடுத்த ஒரு துண்டு என் தட்டுக்கு வரும். இன்று வரவில்லை. மீன் குறைவு போல.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஹெலன் ஒரு கவர் கொடுத்தாள். ஒட்டியிருந்தது. முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். வெள்ளி ஐந்து மணிதான் கடைசியாம். “நானே போயிருவேன். இப்பத்தான் ஸ்கூல் தெறந்துருக்கு, பெர்மிஷன் கெடைக்காது” என்றாள். ஹெலன் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வருஷ சர்வீஸ். அவர்களுக்கு வருஷம் பூராவும் ஏதாவது படிவம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவரை வண்டி டிக்கியில் வைத்தேன். மதியம் போகும் வழியில் ரோச் கையைக் காட்டி நிறுத்தினான். அந்தக் கடைசி ரெய்டை வேறொரு கோணத்தில் எடுத்த வீடியோ கிடைத்திருக்கிறதாம். எட்டுத் தடவை பார்த்தோம். எட்டுத் தடவையும் பிடிபட்டான். அதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

முருங்கைக்காயும் தயிரும் வாங்கி வந்தேன். அவற்றை மறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

“கவரக் குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு” என்றேன். நாளைக்குக் கொடுத்துவிட்டால் இது உண்மையாகிவிடும்.

“சரி. முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நான்கு துணி எடுக்க அரை மணி நேரம். வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் வெட்டியிருப்பாள் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்கு வந்தது தயிர்சாதமும் ஊறுகாயும்.

ஷெரின் போன் செய்தாள். “அப்பா, அம்மா ஒங்கட்ட சொன்னாங்களா இல்லியா?”

“அவ சொல்லி என்ன பிள்ளே, நான்தான் லைவ்ல பாத்தனே.”

“அப்பா, நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, டிவிய அமத்திட்டு அம்மாட்ட என்னன்னு கேளுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்தத் தலைமுறைக்குத் தோல்வியின் வலி தெரியாது.

சனி மாலை நான்கு மணிக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது. மன்றம் அதைப் புறக்கணிப்பதாக ஒரு மனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானத்தை எழுதியவன் நான். எழுதி முடித்த பிறகு, மூன்றாம் இடமும் ஒரு இடம்தானே என்று தோன்றியது. சாரத்தைத் துவைக்கப் போட வேண்டாம் என்று ஹெலனிடம் சொல்லி வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்குப் பெர்மிஷன் போட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். டிக்கியைத் திறந்து கவரை எடுத்தபோது ஒரு மூலையில் தயிர் பட்டிருந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது, “அண்ணாச்சி” என்று குரல் கேட்டது. ஹெலனோடு வேலை பார்க்கும் உலகம்மாள் டீச்சர். சொந்த வேலையாக லீவு போட்டு வந்திருக்கிறார்களாம்.

“ஹெலன் டீச்சர் ஏன் அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டாங்க?” என்றார்கள்.

வாசலை விட்டு நகர்ந்தது பள்ளிக்கூடம் வரைக்கும் தெரிந்துவிட்டதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“முப்பது வருஷம் காத்திருந்து வந்த ஹெச்.எம். போஸ்ட்டு. நாளைக்குக் கலந்தாய்வு. இப்பப் போயி உரிமை விடல் எழுதிட்டாங்களாமே!”

உரிமை விடல் என்றால் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு எனக்கு வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் அடுத்த சில வருஷத்துக்குப் பெயர் வராது. ஹெலனுக்கு மிச்சம் இருப்பதே ஐந்து வருஷம். கையிலிருந்த கவரைப் பார்த்தேன். கொஞ்சம் கனமாக இருந்தது.

“லிஸ்ட்டுல பேரு வந்தது அவளுக்கு எப்பத் தெரியும்?”

“போன சனிக்கிழம. நான்தான் போன் போட்டுச் சொன்னேன். எட்டே முக்கால் இருக்கும். சந்தோசத்துல என்னா கத்து கத்துனாங்க! எட்டு வீட்டுக்குக் கேட்டுருக்கும். ஒங்களுக்குக் கேக்கலயா?”

கேட்கவில்லை. அந்த நேரத்தில் நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கவரா அண்ணாச்சி? இன்னும் குடுக்கலயா? அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. இல்லன்னா நாளைக்குக் கலந்தாய்வுலயே நேர்ல எழுதிக் குடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சனி, ஞாயிறு, செவ்வாய் என்று அவள் எத்தனை தடவை வாயைத் திறந்தாள் என்று எண்ணிப் பார்த்தேன். இந்த டைரியில் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வாரமாகத் துக்கம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கவரைக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. அது அவளுடையது.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் வைத்தேன். “குடுக்கல. நேத்து குடுத்தேன்னு சொன்னது பொய்” என்றேன்.

ஹெலன் கவரைத் திருப்பிப் பார்த்தாள். “இது என்ன, தயிரா?”

“ஆமா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பதினஞ்சு மேட்ச் நின்னேன். மேட்சுக்கு ஒண்ணேகால் மணி நேரம். முட்டி வலிக்கின்னு சொன்னா, நீங்க ஸ்கோரச் சொல்லுவீங்க. அதுகூடப் பரவால்ல. நீங்க சந்தோசமா இருக்கீங்கன்னுதான் நின்னேன். நான் நகந்த அன்னைக்கு, ஏன் நகந்தன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

நான் சட்டை நுனியால் கவரின் தயிரை மறுபடி துடைத்தேன்.

“தூரத்துல போஸ்டிங் போட்டா காலைல ஆறரைக்கு பஸ் ஏறணும். வீட்டுக்கு வர ஏழு, ஏழரை ஆயிரும். வீட்ட யாரு பாக்கன்னு கேக்கத்தான் வந்தேன். ஒன் இஷ்டம்னுட்டீங்க. இஷ்டம்னு சொல்லுதவரு மூஞ்சியா அது? அதான் எழுதிக் குடுத்துட்டேன்.”

“இப்பக் கேக்கேன் ஹெலன். நீ போ. வீட்ட நான் பாக்கேன்.”

“ஒங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“சோறு?”

“குக்கர் எத்தன விசில்னு சொன்னாப் பழகிருவேன்.”

அவள் கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். “நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு. நான் யோசிக்கணும். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றாள்.

ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன். இது ரொம்பக் கஷ்டமான வேலை.

ஜூன் 14, சனி

காலையில் ஹெலன் ஷெரின் வாங்கிக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். கைப்பையில் கவர் இருந்தது. அது கிழிபடாமல் அப்படியே இருப்பதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“கூட வாறீங்களா? நாலு மணிக்கு மேட்ச் இருக்கே” என்றாள்.

“வாறேன்” என்றேன். சாரத்தை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வேட்டி கட்டிக்கொண்டேன்.

கலந்தாய்வு மதியம் இரண்டு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட ஹாலில். டீச்சர்களுக்கு மட்டும்தான் உள்ளே நாற்காலி. கூட வந்த கணவர்மார் எல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே போகப் போனேன்.

“எங்க போறீங்க?” என்றாள் ஹெலன். ஹால் வாசலைக் காட்டினாள். “இங்கயே நில்லுங்க. எனக்குத் தெரியுத மாதிரி. நகரக் கூடாது.”

இரண்டு மணிக்கு நின்றேன். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் இடது முட்டி, பிறகு இடுப்பு, பிறகு குதிகால். காலை மாற்றி மாற்றி நின்றேன். அப்படித்தான் நிற்க முடியும் போலிருக்கிறது. அலுவலக உதவியாளர் ஒருவர் பாவப்பட்டு, “சார், ஸ்டூல் கொண்டு வரட்டா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

நான்கு மணிக்கு மேல் சட்டைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் ரோச். ஒரு மனதாகப் புறக்கணித்த பதினோரு பேரில் பத்துப் பேர் கடையில் டிவி முன்னால் இருக்கிறார்கள் என்பது நன்றாகப் புரிந்தது. ஒன்பது தடவை அடித்தான். எடுக்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

ஐந்து மணி ஆகும்போது, “ஹெலன் கோயில்பிள்ளை” என்று கூப்பிட்டார்கள். ஹெலன் எழுந்து மேசைக்குப் போனாள். சுவரில் காலி இடங்களின் பட்டியல் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து ஊர் எல்லாம் அதற்குள் போய்விட்டது. அதிகாரி என்னவோ கேட்டார். ஹெலன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள். எனக்கு நெஞ்சு அடித்த அடி, 32–32இல்கூட அப்படி அடிக்கவில்லை.

கையை உள்ளே வைத்தபடியே அவள் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது கையில் பணி ஆணை. விளாத்திகுளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். அவள் அந்தக் கவரை எடுத்து என் சட்டைப்பையில் செருகினாள். “இதக் கொண்டுபோய் எங்கயாச்சும் போடுங்க. இதயாவது மறக்காமப் போடுங்க” என்றாள்.

வண்டிக்கு நடந்தோம். நான் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடந்தேன்.

“மேட்ச் என்னாச்சு?” என்றாள்.

“தெரியாது.”

“காலு வலிக்கா?”

“ஆமா.”

“வலிக்கும்” என்றாள் ஹெலன்.

ஜூன் 15, ஞாயிறு

பேப்பரில் போட்டிருக்கிறது. 41–22. மூன்றாம் இடம் நமக்குத்தான். இசக்கி மட்டும் பதினாறு புள்ளி. இந்த சீசனில் நான் பார்க்காத ஒரே ஆட்டம் இது. சோபா மூலை இல்லை, சாரம் இல்லை, வாசலில் ஆள் இல்லை. இதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ரோச் கேட்டால், வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

சோற்றுக்கு மூன்று விசில். நான் நான்கு வரைக்கும் விட்டுவிட்டேன். ஹெலன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பிறகு ஷெரினுக்குப் போன் போட்டு நிறையச் சொன்னாள். சிரிக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

ஜூன் 16, திங்கள்

ஹெலன் ஆறரை பஸ்ஸில் போய்ப் பொறுப்பேற்றுவிட்டு ஏழேகாலுக்கு வந்தாள். நான் சாயங்காலமே கடைக்குப் போய், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து அடுப்பங்கரை வாசலில் போட்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் டிவியும் தெரிகிறது, குக்கரும் தெரிகிறது.

ஹெலன் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தாள். “அடுத்த சீசனுக்கு நாற்காலி வேறயா? நல்லா இருக்குங்க. நின்னது போதாதுன்னு இனி ஒக்காந்து ஜெயிக்க வைக்கணுமோ?”

“நீ சோபாவுல ஒக்காரு ஹெலன். இடது மூலைல” என்றேன். “இது எனக்கு.”